1994 ஆறாவது ஆட்டம்: தொடரைத் திருப்பியது மெஸ்ஸியேவின் வாக்கா?

எட்டாம்_அவென்யூ

ரேஞ்சர்ஸ், டெவில்ஸ் மோதிய 1994 தொடரைப் பற்றிப் போன வாரம் வேறொரு இழையில் பேச்சு வந்தது. "மெஸ்ஸியே ஏதோ சொன்னார், பத்திரிகைக்காரர்கள் ஊதிப் பெரிதாக்கினார்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு நாளாக மனது ஆறவில்லை. அதனால் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

ஐஸ் ஹாக்கி பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. நியூயார்க் ரேஞ்சர்ஸ் மன்ஹாட்டனில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆடும் அணி. நியூ ஜெர்சி டெவில்ஸ் அப்போது ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெடோலேண்ட்ஸில் ஆடியது. இரண்டு மாநிலங்கள், நடுவில் ஓர் ஆறு, லிங்கன் சுரங்கப்பாதையில் நெரிசல் இல்லாவிட்டால் அரை மணி நேரப் பயணம். அந்த ஆண்டு லீக் ஆட்டங்களில் ரேஞ்சர்ஸ் 112 புள்ளிகளோடு முதலிடம், டெவில்ஸ் 106 புள்ளிகளோடு இரண்டாமிடம். கிழக்குப் பிரிவின் இறுதித் தொடரில் இரண்டும் மோதின. நான்கு ஆட்டங்களை முதலில் வென்ற அணி ஸ்டான்லி கோப்பை இறுதிக்குப் போகும். அதற்கு முன் ரேஞ்சர்ஸ் கடைசியாக அந்தக் கோப்பையைத் தூக்கியது 1940ல். எந்த ஊருக்கு ஆடப் போனாலும் எதிரணி ரசிகர்கள் "நைன்டீன் ஃபார்ட்டி, நைன்டீன் ஃபார்ட்டி" என்று பாட்டாகவே பாடுவார்கள்.

ஐந்து ஆட்டம் முடிந்தபோது டெவில்ஸ் 3-2 என முன்னிலை. ஐந்தாவதில் எங்கள் அரங்கத்திலேயே 4-1 என்று அடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் பயிற்சி முடிந்து வந்த கேப்டன் மார்க் மெஸ்ஸியே, ஆறாவது ஆட்டத்தை ஜெயித்துவிட்டுத் தொடரைக் கார்டனுக்குத் திருப்பிக் கொண்டுவருவோம் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். ஆட்டத்தன்று காலை செய்தித்தாளில் அதுதான் தலைப்பு. மே 25, மெடோலேண்ட்ஸ். ரேஞ்சர்ஸ் 0-2 எனப் பின்தங்கி, 4-2 என வென்றது. மூன்றாவது பீரியடில் (ஆட்டம் இருபது நிமிடப் பீரியட் மூன்று) மூன்று கோல், மூன்றையும் மெஸ்ஸியே அடித்தார்.

சொன்னதைச் சொன்னபடி செய்த மனிதர் அவர். அந்த ஒரு வாக்குதான் தொடரைத் திருப்பியது. இல்லை என்பவர்கள் வேறு எது திருப்பியது என்று சொல்லட்டும், கேட்கிறேன்.

மெடோலேண்ட்ஸ்_மேல்வரிசை

நான் சொல்கிறேன் அண்ணா. அன்றைக்கு நான் அந்த அரங்கத்துக்குள் இருந்தேன். கடைசி வரிசைக்கு இரண்டு வரிசை முன்னால், அப்பாவோடு. எனக்குப் பதின்மூன்று வயது.

உங்கள் வாக்கு முதல் 38 நிமிடம் எங்கே போயிருந்தது? முதல் பீரியடில் நீடர்மேயர் ஒன்று, க்ளோட் லமியூ ஒன்று. 2-0. ரேஞ்சர்ஸ் அப்படியே திகைத்து நின்றது. பயிற்சியாளர் கீனன் டைம்-அவுட் கேட்டுவிட்டு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நின்றார். வாக்குக் கொடுத்த கேப்டன் அப்போதும் அங்கேதான் இருந்தார். நாங்கள் மூன்றாவது கோலை அடித்திருந்தால் அந்தச் செய்தித்தாள் தலைப்பைச் சட்டம் போட்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்போம்.

இரண்டாவது பீரியட் முடிய ஒரு நிமிடம் 41 விநாடி இருக்கும்போது ரேஞ்சர்ஸின் அலெக்ஸி கோவலெவ் அடித்தாரே, அதுதான் தொடரின் திருப்பம். அவருக்கு அப்போது வயது 21. 2-0 என்று இடைவேளைக்குப் போவதும் 2-1 என்று போவதும் ஒன்றல்ல. அந்த கோல் விழுந்ததும் எங்களைச் சுற்றி எழுந்த சத்தத்தை வைத்துத்தான் அரங்கத்தில் எத்தனை ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரிந்தது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பரவாயில்லை, இன்னும் நாமதான் முன்னால" என்றார். அவர் குரலில் அந்த நம்பிக்கை இல்லை.

அப்புறம் அந்த மூன்று கோல். மூன்றாவது காலி வலைக்குள் போனது, நாங்கள் கோலியை, அதாவது வலைக் காவலரை, வெளியே எடுத்து இன்னொரு ஆட்டக்காரரை இறக்கிய பிறகு. நல்ல கோல்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஆட்டத்தைத் திருப்பிய கோல் இல்லை. ஹாட்ரிக் என்று சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எட்டாம்_அவென்யூ

கோவலெவுக்கு அந்த பக்கை (ஐஸில் அடித்து ஆடும் ரப்பர் வட்டை) கொடுத்தது யார்?

மெஸ்ஸியே.

மூன்றாவது பீரியட் தொடங்கி 2:48ல் பேக்ஹேண்டில் சமன் செய்தது யார்? 12:12ல் கோவலெவ் அடித்து உங்கள் கோலி ப்ரோடூர் தடுத்துத் திரும்பி வந்த பக்கை உள்ளே தள்ளியது யார்? காலி வலை கோலைப் பற்றியும் முழுதாகச் சொல்லுங்கள் தங்கச்சி. அப்போது ரேஞ்சர்ஸில் ஒருவர் தவறு செய்ததற்காகப் பெனால்டிப் பெட்டியில் இருந்தார். உங்கள் பக்கம் ஆறு பேர், எங்கள் பக்கம் கோலி தவிர நாலு பேர். தன் பாதியின் ஆழத்திலிருந்து ரிங்க் முழுக்கக் கடக்க அடித்த அடி அது. கொஞ்சம் விலகியிருந்தால் பக் மறுபடி எங்கள் முனைக்கு வந்திருக்கும், நாலு பேரை வைத்துக்கொண்டு ஆறு பேரைத் தடுத்திருக்க வேண்டும்.

வாக்கு என்றால் மந்திரம் என்று நான் சொல்லவில்லை. நாலாவது, ஐந்தாவது ஆட்டங்களில் தோற்றுத் துவண்டிருந்த ஓர் அணி, தங்கள் தலைவர் தன் பெயரையே பணயம் வைத்துவிட்டார் என்று தெரிந்து களத்தில் இறங்கியது. அதைச் சொல்கிறேன்.

ஸ்கார்பரோ_கோலியின்_அப்பா

வணக்கம். நான் டொராண்டோப் பக்கம். எனக்கு இரண்டு அணியும் வேண்டாதவை. அந்த ஆண்டு எங்கட மேப்பிள் லீஃப்ஸ் மேற்குப் பிரிவு இறுதி வரை போய் வான்கூவரிடம் ஐந்து ஆட்டத்தில் தோற்றது. ஆகவே பக்கச்சார்பு இல்லாமல் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மகன் ஒன்பது வயதிலிருந்து கோலி. விடியக்காலை ஐந்து மணிக்கு அவனை ரிங்குக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குளிருக்குள் நின்று பார்த்துப் பழகியவன் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் படுவது வலைக்கு முன் நிற்கிற ஆள்தான். நீங்கள் இரண்டு பேரும் இவ்வளவு எழுதியும் ரேஞ்சர்ஸ் கோலி மைக் ரிக்டரின் பெயரை ஒருவரும் சொல்லவில்லையே!

ஆறாவது ஆட்டத்தின் முதல் பீரியடை எடுத்துப் பாருங்கள். டெவில்ஸ் அலை அலையாக வருகிறது. ஸ்கோர் 2-0ல் நின்றதற்கு ஒரே காரணம் ரிக்டர். அது 3-0, 4-0 ஆகியிருந்தால் கோவலெவின் கோல் ஆறுதல் கோல். மெஸ்ஸியேவின் வாக்கு பழைய செய்தித்தாள்.

இன்னொன்று. இதே ரிக்டரை நாலாவது ஆட்டத்தில் இரண்டு கோல் விழுந்ததும் கீனன் வெளியே எடுத்துவிட்டார். பிரையன் லீச்சையும் நெடுநேரம் பெஞ்சில் இருத்தினார். பிறகு அந்த ஆண்டின் பிளே-ஆஃப் (லீக் ஆட்டங்களுக்குப் பிறகான கோப்பைச் சுற்றுகள்) மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருதை வாங்கிய அதே லீச், அந்த விருதை வாங்கிய முதல் அமெரிக்கர்! இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்த தொடரில் தன் அணியைத் தானே குலைத்தவர் கீனன். வாக்குக் கொடுக்க வேண்டிய நிலைமை வந்ததே அதனால்தான்.

மெடோலேண்ட்ஸ்_மேல்வரிசை

இதை நான் ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ரிக்டரைப் பற்றி நானே சொல்லியிருக்க வேண்டும். முதல் பீரியடில் மூன்று முறை நாங்கள் எழுந்து கையைத் தூக்கிவிட்டு மறுபடி உட்கார்ந்தோம்.

ஆனால் கீனன் குலைத்ததால் மட்டுமே நாங்கள் வென்றோம் என்பது சரியில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் பெர்னி நிக்கல்ஸ் இரண்டு கோல் அடித்தார். 1991ல் ரேஞ்சர்ஸ் எட்மன்டனிடமிருந்து மெஸ்ஸியேவை வாங்கியபோது அந்தப் பரிமாற்றத்தில் கொடுத்துவிட்ட ஆள் அவர். பழைய வீட்டுக்கே வந்து அடித்துவிட்டுப் போனார். அதைக் கீனன் செய்யவில்லை.

எண்_பேசும்

உணர்ச்சியை மதிக்கிறேன். ஆனால் எல்லோரும் ஒரே இரவுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். இந்தத் தொடரின் முடிவுக்கு இரண்டு காரணம், இரண்டும் மே 25க்கு முன்பே நடந்தவை.

ஒன்று, மார்ச் 21. ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள். ரேஞ்சர்ஸ் மேலாளர் நீல் ஸ்மித் அன்று மைக் கார்ட்னரைக் கொடுத்து க்ளென் ஆண்டர்சனை வாங்கினார். டாட் மார்ச்சண்டைக் கொடுத்து க்ரெய்க் மெக்டாவிஷ். டோனி அமான்டியைக் கொடுத்து ஸ்டெஃபான் மட்டோ, பிரையன் நூனன் இருவரும். கார்ட்னர் பல நூறு கோல் அடித்தவர். அமான்டி இளைஞர், பிறகு சிகாகோவில் ஒரே ஆண்டில் நாற்பதுக்கு மேல் அடித்தார். எதிர்காலத்தை விற்று அந்த ஒரு வசந்த காலத்தை வாங்கினார்கள். ஆட்டம் சமனாக முடிந்தால் ஒரு கோல் விழும்வரை ஆடும் கூடுதல் நேரம் ஓவர்டைம்; இந்தத் தொடரில் இரட்டை ஓவர்டைமுக்குப் போன ஆட்டங்கள் மூன்று: ஒன்றாவது, மூன்றாவது, ஏழாவது. முதலாவதை டெவில்ஸுக்காக ஸ்டெஃபான் ரிஷே முடித்தார். மற்ற இரண்டையும் முடித்தவர் மட்டோ. அன்று வாங்கப்பட்ட அந்த மட்டோ.

இரண்டு, களைப்பு. ரேஞ்சர்ஸ் முதல் சுற்றில் ஐலேண்டர்ஸை நாலுக்கு நாலு வென்றது, அடுத்து வாஷிங்டனை ஐந்து ஆட்டத்தில். மொத்தம் 9 ஆட்டம். டெவில்ஸுக்கு பஃபலோவோடு ஏழு, பாஸ்டனோடு ஆறு, மொத்தம் 13. பஃபலோவோடு ஆடிய ஆறாவது ஆட்டம் நாலு ஓவர்டைம் போனது. டொமினிக் ஹாஷெக் 70 பக்குகளைத் தடுத்தார், 1-0. அந்தக் கால்களோடுதான் டெவில்ஸ் இங்கே வந்தது. மூன்றாவது பீரியடில் மூன்று கோல் விழுந்ததற்குக் காரணம் தேட வாக்கு வரை போக வேண்டியதில்லை.

எட்டாம்_அவென்யூ

தம்பி, களைத்த கால்கள் ஐந்தாவது ஆட்டத்தில் கார்டனில் எப்படி 4-1 என்று வென்றன? இரண்டு நாளில் களைப்பு வந்துவிட்டதா? பிறகு ஏழாவது ஆட்டத்தில் இரட்டை ஓவர்டைம் வரை அதே கால்கள்தானே ஓடின?

மார்ச் 21 பற்றிச் சொன்னது சரி. அதற்கும் மெஸ்ஸியேவுக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. மெக்டாவிஷும் ஆண்டர்சனும் எட்மன்டனில் அவரோடு கோப்பை வென்றவர்கள். கிரேவ்ஸும் டிக்கனனும் அப்படியே. அந்த அறை அவர் வார்த்தையை நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம். ஏற்கெனவே ஐந்து கோப்பை வென்றவர் சொன்னால் அது வேறு எடை.

ப்ருடென்ஷியல்_பிள்ளை

அண்ணன்மார்களே, அக்கா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் நியூ ஜெர்சியின் நூவர்க்கில் வளர்ந்தவன். 94ல் பிறக்கவில்லை. எனக்கு ரேஞ்சர்ஸ், டெவில்ஸ் என்றால் 2012தான். மே 25, 2012. மெஸ்ஸியே ஹாட்ரிக் அடித்த அதே தேதி, சரியாகப் பதினெட்டு ஆண்டு கழித்து. அதே கிழக்குப் பிரிவு இறுதி, அதே ஆறாவது ஆட்டம், ஓவர்டைம் தொடங்கி 1:03ல் ஆடம் ஹென்ரிக் அடித்தார். வலையில் நின்றது அதே ப்ரோடூர், நாற்பது வயதில். ரேஞ்சர்ஸ் அந்த ஆண்டும் கிழக்கில் முதலிடம்.

அப்பா அன்றைக்கு அழுதார். எதற்கு என்று அப்போது புரியவில்லை. அப்புறம்தான் 94 பற்றிச் சொன்னார். கணக்கு முடிந்தது என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. எல்லோரும் 94ஐ மட்டும் ஏன் "வரலாற்றுத் தொடர்" என்கிறீர்கள்?

இன்னொரு சந்தேகம். அந்தக் காலத்து டெவில்ஸ் "ட்ராப்" ஆடியது, ஆட்டத்தையே தூங்க வைத்தது என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறது. அப்படிப்பட்ட அணி ஆடிய தொடர் எப்படி இவ்வளவு விறுவிறுப்பாக இருந்தது?

மெடோலேண்ட்ஸ்_மேல்வரிசை

தம்பி, இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், நெடுநாளாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருப்பது.

ட்ராப் என்றால் இதுதான். எதிரணி தன் முனையிலிருந்து பக்கை எடுத்து வரும்போது நாம் எல்லோரும் பாய்ந்து போக மாட்டோம். ஒருவர் மட்டும் போய் அவரைப் பலகை ஓரமாக ஒதுக்குவார். மற்ற நான்கு பேரும் நடுப்பகுதியில் வழிமறித்து நிற்பார்கள். பாஸ் கொடுக்க இடம் இருக்காது. பக்கை இழப்பார்கள், அங்கிருந்து நாம் பறப்போம். எங்கள் பயிற்சியாளர் ஜாக் லமேர் மான்ட்ரியல் அணியில் எட்டுக் கோப்பை வென்று கற்ற பொறுமையை எங்கள் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதும் அவருக்குத்தான்.

இப்போது கேள். 1993-94 லீக் ஆட்டங்களில் டெவில்ஸ் அடித்த கோல் 306. டெட்ராய்ட்டுக்கு அடுத்து லீக்கிலேயே அதிகம். ரேஞ்சர்ஸைவிட அதிகம்! ஸ்காட் ஸ்டீவன்ஸ் டிஃபென்ஸில் ஆடிக்கொண்டே 78 புள்ளி (அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்தார். தூங்க வைத்த அணி என்பது பிற்பாடு எழுதப்பட்ட கதை. பிந்தைய ஆண்டுகளில் எங்கள் ஆட்டம் மெதுவானது, மற்ற அணிகளும் அதைப் பார்த்து அப்படியே ஆடி லீக்கையே மெதுவாக்கின, அது உண்மை. அதை 94 அணியின் தலையில் கட்டாதீர்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

இன்னொரு எண்ணும் சொல்லிவிடுகிறேன், எங்களுக்கு எதிரானதுதான். லீக் ஆட்டங்களில் அந்த ஆண்டு ரேஞ்சர்ஸோடு ஆறு முறை மோதினோம். ஆறிலும் தோற்றோம். அப்படிப்பட்ட அணியை ஏழாவது ஆட்டத்தின் இரட்டை ஓவர்டைம் வரை இழுத்துப் போனோம்.

எட்டாம்_அவென்யூ

ப்ருடென்ஷியல் தம்பிக்கு: 2012 உங்கள் தொடர், அதை யாரும் பறிக்கவில்லை. ஹென்ரிக் அடித்தபோது நானும் தலையில் கை வைத்தேன். ஆனால் அந்த ஆண்டு டெவில்ஸ் இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸிடம் தோற்றது. 94ல் இந்தத் தொடரை வென்ற அணி போய் வான்கூவரோடு ஏழு ஆட்டம் ஆடிக் கோப்பையைத் தூக்கியது. ஜூன் 14, 54 ஆண்டுக்குப் பிறகு. அடுத்த ஆண்டே டெவில்ஸ் டெட்ராய்ட்டை நாலுக்கு நாலு வென்று தன் முதல் கோப்பையைத் தூக்கியது. அந்த இரண்டு கோப்பைக்கும் வாசல் இந்த ஏழு ஆட்டம். கோப்பை இறுதியைவிட இதுதான் பெரிய தொடர் என்று நான் நம்புகிறேன். அந்த ஆண்டின் மிகச் சிறந்த இரண்டு அணிகள் இறுதிக்கு முன்பே ஒன்றையொன்று சந்தித்துவிட்டன.

ஸ்கார்பரோ_கோலியின்_அப்பா

ஏழாவது ஆட்டத்துக்கு வருவோம். எல்லாரும் ஆறாவதிலேயே நிற்கிறீர்கள். வாக்கு என்பது ஆறாவது ஆட்டத்துக்குத்தான். தொடரை முடித்தது ஏழாவது.

லீச் இரண்டாவது பீரியடில் சுழன்று அடித்த கோல். 1-0. அப்படியே முடியப் போகிறது. டெவில்ஸின் ஜெலபூகின் 7.7 விநாடி இருக்கையில் வலைக்கு முன் நெரிசலுக்குள் தள்ளிச் சமன் செய்தார். ஒரு கோலிக்கு இதைவிடக் கொடுமை இல்லை. அறுபது நிமிடத்தில் 59 நிமிடம் 52 விநாடி ஒன்றையும் விடாமல் நின்றவன் ரிக்டர். எங்கட பையன் என்றால் ஓய்வறையில் மட்டையை எறிந்திருப்பான். ரிக்டர் திரும்பி வந்து இன்னும் ஒரு முழு ஓவர்டைமும் அதற்கு மேலும் ஒன்றையும் விடவில்லை.

மட்டோவின் கோலை மகனுக்கு எத்தனையோ தடவை போட்டுக் காட்டியிருக்கிறேன். இரண்டாவது ஓவர்டைம், 4:24. மட்டோ மூலையிலிருந்து பக்கை எடுத்துக்கொண்டு வலைக்குப் பின்னால் ஓடுகிறார். டெவில்ஸின் ஃபெடிசோவ் கூடவே போகிறார், முந்த முடியவில்லை. மட்டோ மறுபக்கம் சுற்றி வந்து உள்ளே தள்ளுகிறார். பக் ப்ரோடூரின் மட்டையில் பட்டு உள்ளே போகிறது. பக்கத்தில் டிக்கனன் நின்றதால் யார் அடித்தது என்று சில கணம் குழப்பமே வந்தது. ப்ரோடூருக்கு 22 வயது முடிந்து மூன்று வாரம்தான். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் அவர். வலையின் கம்பத்தை முழுசாக அணைத்து நிற்க வேண்டும், மட்டையை ஐஸில் அழுத்தி வைக்க வேண்டும் என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தது இந்த ஒரு காட்சியை வைத்துத்தான். உலகத்தின் மிகச் சிறந்த கோலிக்கும் ஒரு விரல் இடைவெளி திறந்திருந்தது.

இதில் மெஸ்ஸியேவின் வாக்கு எங்கே இருக்கிறது? ஒரு விரல் இடைவெளி இருக்கிறது, அவ்வளவுதான்.

எண்_பேசும்

ஸ்கார்பரோ ஐயா சொன்னதோடு ஒன்று. மெஸ்ஸியேவே பிறகு சொல்லியிருக்கிறார், தன் பேச்சு சக ஆட்டக்காரர்களுக்கானது என்று. எதிரணியும் அதே செய்தித்தாளைத்தான் படிக்கும் என்று அப்போது அவர் யோசிக்கவில்லையாம். ஊருக்குக் கொடுத்த சவால் என்பது தலைப்பு எழுதியவர்கள் செய்தது.

அண்ணன் முன்பு கேட்டதற்கு, அதாவது களைத்த கால்கள் ஐந்தாவது ஆட்டத்தை எப்படி வென்றன என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. களைப்பு என்ற வாதத்தின் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மார்ச் 21ஐ விட மாட்டேன்.

எட்டாம்_அவென்யூ

சக ஆட்டக்காரர்களுக்குச் சொன்னது என்றால் என் வாதம்தானே வலுக்கிறது? நான் அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்!

மெடோலேண்ட்ஸ்_மேல்வரிசை

அண்ணா, நீங்கள் சொல்லும் வாக்கு ஆறாவது ஆட்டத்தின் அறைக்குள் வேலை செய்திருக்கலாம். அதுவரை வருகிறேன். அதற்கு மேல் என்னால் வர முடியாது. ஏழாவது ஆட்டம் யாருடைய வாக்குக்கும் கட்டுப்படவில்லை.

ஏழாவதை வீட்டில் பார்த்தோம். டிக்கெட் கிடைக்கவில்லை. 7.7 விநாடியில் ஜெலபூகின் அடித்தபோது அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றவர், பிறகு உட்காரவே இல்லை. ஓவர்டைம் முழுக்க நின்றார். மட்டோ அடித்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டுதான் இருந்தார். அம்மா வந்து தொலைக்காட்சியை அணைத்தார். ப்ரோடூர் தலை குனிந்து போனது என் மனதில் இன்னும் இருக்கிறது. அந்தப் பையன்தான் பிறகு மூன்று கோப்பை, 691 வெற்றி, 125 ஷட்-அவுட் (ஒரு கோலும் விடாத ஆட்டம்) என்று போனான். லீக்கில் இவ்வளவு வென்ற கோலி வேறு யாரும் இல்லை. 94ல் அந்த ஒரு விரல் இடைவெளியை அவனால் மறக்க முடிந்ததா என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இன்னொன்று, ப்ருடென்ஷியல் தம்பி, இது உங்களுக்கு. 2012ல் ஹென்ரிக் அடித்து ஒரு மாதம் ஆகவில்லை, இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் டெவில்ஸ் எடுத்த இளைஞன் யார் தெரியுமா? ஸ்டெஃபான் மட்டோவின் மகன். பெயரும் அதேபோல. அந்தப் பெயரை எங்கள் சிவப்புச் சட்டையின் முதுகில் பார்க்க அப்பாவால் முடியவில்லை. ஆனால் அந்தப் பையன் ஆடிய முதல் ஆட்டத்தை முழுக்க உட்கார்ந்து பார்த்தார்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் அண்ணா. உண்மையாகச் சொல்லுங்கள். 7.7 விநாடியில் அந்த கோல் விழுந்தபோது உங்கள் நம்பிக்கை எங்கே இருந்தது?

எட்டாம்_அவென்யூ

உண்மையாகவே சொல்கிறேன்.

நான் அப்போது கார்டனுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கார் நிறுத்தும் இடத்தில் இரவு வேலை பார்த்தேன். ஊருக்கு வந்து மூன்றாவது ஆண்டு. ஹாக்கி தெரிந்துகொண்டதே அங்கேதான். ஆட்ட இரவுகளில் ரசிகர்கள் கார் எடுக்க வரும்போது பேசுவார்கள், வானொலி ஓடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கும் வானொலிதான். ஜெலபூகின் அடித்ததும் நான் அதை நிறுத்திவிட்டேன். நம்பிக்கை எதுவும் இருக்கவில்லை. மெஸ்ஸியேவும் இல்லை, வாக்கும் இல்லை. 54 ஆண்டு மட்டும் இருந்தது.

முதல் ஓவர்டைமின் நடுவில் ஒருவர் கார் எடுக்க வந்தார். டெவில்ஸ் சட்டை, ஐம்பது வயது இருக்கும். அரங்கத்துக்குள் உட்கார்ந்திருக்க முடியவில்லை, நெஞ்சு தாங்கவில்லை என்றார். நான் காரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். சாவியை வாங்கிக்கொண்டு, வானொலி ஏன் பேசாமல் இருக்கிறது என்று கேட்டார். போடச் சொன்னார். போட்டேன். அவர் காரில் ஏறவில்லை. முதல் ஓவர்டைம் முடிந்தது, இடைவேளை, இரண்டாவது தொடங்கியது. அந்த நேரம் முழுக்க அந்தச் சிறிய கூண்டுக்குள் இரண்டு பேரும் நின்றோம். காப்பி ஒன்றுதான் இருந்தது, அவருக்குக் கொடுத்தேன்.

வானொலி வர்ணனையாளர் ஹோவி ரோஸ் "மட்டோ, மட்டோ, மட்டோ" என்று கத்தினார். இன்னும் ஒரு மலைதான் ஏற வேண்டும், அது வான்கூவர் மலை என்றார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை, பக்கத்தில் அவர் நிற்கிறார். தெருவில் ஹாரன் சத்தம் தொடங்கிவிட்டது. அவர் காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார். என் கையைக் குலுக்கினார். காரை எடுத்துக்கொண்டு சுரங்கப்பாதைப் பக்கம் திரும்பினார். அவர் போன பிறகுதான் நான் வெளியே ஓடினேன்.

மெடோலேண்ட்ஸ்_மேல்வரிசை

அவர் சுரங்கப்பாதை தாண்டி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் விளக்கு எரிந்திருக்காது அண்ணா. எங்கள் வீட்டில் மட்டும் எரிந்திருக்கும். அப்பா அன்றைக்கு இரண்டு மணி வரை கொல்லைப்புறம் நின்றிருந்தார்.